ஏணையும் கட்டிலும்: குழந்தையின் இரவு பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரொறன்ரோவிலிருந்து என் மருமகன், அதாவது என் அக்காவின் மகன், தொலைபேசியில் அழைத்தான். அங்கே அப்போது நள்ளிரவு. வழமையான சுகநல விசாரிப்புகள் எதுவுமின்றி, "மாமா, நாலு நாளா வீட்டில ஒருத்தருக்கும் நித்திரை இல்லை" என்றுதான் பேச்சைத் தொடங்கினான்.

விடயம் இதுதான். அவனுடைய மகளுக்கு இரண்டரை வயது. கம்பிகள் வைத்த குழந்தைக் கட்டிலின் விளிம்பில் கால் போட்டு ஏறிக் குதிக்கத் தொடங்கிவிட்டாள். விழுந்து காயப்படுவாளே என்று பயந்து புதிதாக ஒரு சிறு கட்டில் வாங்கினார்கள். அத்துடன் தனி அறையும் கொடுத்துவிட்டார்கள். முதல் இரவு பதினொரு தடவை எழுந்து வந்தாள். இரண்டாம் இரவு கதவடியில் படுத்து அழுதாள். மருமகள் அங்குள்ள மருத்துவ நிலையத்தில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் பிள்ளையைப் பேசாமல் கொண்டுபோய்க் கிடத்துகிறாள். கொக்குவிலில் இருக்கும் என் அக்காவோ, "பச்சைப்பிள்ளையைத் தனிய ஒரு அறைக்குள்ள போட்டுக் கதவைச் சாத்திறதோ? ஆர் உங்களுக்கு இதைச் சொல்லித் தந்தது?" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டார். மருமகளுக்கு அது சுட்டுவிட்டது. மாமியும் மருமகளும் இரண்டு நாளாகப் பேசவில்லை.

"நீங்கள் எல்லாத்தையும் வாசிக்கிற ஆள். அம்மா சொல்லுறது சரியோ, இவ சொல்லுறது சரியோ?" என்று கேட்டான்.

நான் மருத்துவனல்லன். முப்பது வருடங்கள் பத்திரிகைகளில் குப்பை கொட்டியவன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பழைய குறிப்புகளையும் புத்தகங்களையும் தேடிப் புரட்டியபோது, அந்த இரு பெண்களும் போடுகின்ற சண்டை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் சண்டை என்பது தெரிந்தது. அவனுக்கு எழுதிய கடிதத்தைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

பயத்திலிருந்து பிறந்த தொட்டில்

குழந்தைக்கெனத் தனிப் படுக்கை ஏன் உண்டாயிற்று? செல்லம் காரணமல்ல, பயமே காரணம் என்றுதான் தோன்றுகிறது. விவிலியத்தில் சாலமோன் மன்னரின் தீர்ப்பு நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. இரு பெண்கள் ஒரு குழந்தைக்கு உரிமை கோரி வந்தார்கள் என்பதை நினைவில் வைத்திருக்கும் பலர், அந்த வழக்கு எப்படித் தோன்றியது என்பதை மறந்துவிடுவார்கள். இரவில் நித்திரையில் தன் குழந்தையின் மேல் புரண்டு படுத்துவிட்ட ஒரு தாயின் துயரமே அதன் தொடக்கம்.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது புதையுண்ட ஹெர்குலேனியம் நகரில், கரியாகிப்போன மரத்தொட்டில் ஒன்றைத் தொல்லியலாளர் கண்டெடுத்தனர். அடியில் வளைந்த தண்டுகள் வைத்து ஆட்டுகின்ற தொட்டில். இன்று தளபாடக் கடையொன்றில் வைத்தாலும் அது என்னவென்று எவரும் கேட்கமாட்டார்கள். ஈராயிரம் ஆண்டுகளாக அதன் வடிவம் அவ்வளவாக மாறவில்லை.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் செவிலித்தாய்மார் குழந்தைகளைத் தம் படுக்கையிலேயே கிடத்திப் பாலூட்டினார்கள். அவர்கள் புரண்டு படுத்தாலும் குழந்தை நசியாதபடி, அதன்மேல் கூடுபோல வைக்கும் வளைந்த மரச்சட்டகம் ஒன்று அங்கு புழக்கத்தில் இருந்தது. இங்கிலாந்தில் இந்தப் பயம் சட்டமாகவே வந்தது. 1908ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், மது போதையில் இருப்பவர் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையுடன் ஒரே படுக்கையில் படுத்து, அதனால் பிள்ளை மூச்சுத்திணறி இறந்தால் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஒற்றை அறையில் ஒரு குடும்பமே கிடந்த தொழிலாளர் குடியிருப்புகளின் காலம் அது. தனிக் கட்டில் வாங்கப் பணமில்லாத ஏழைகளே நீதிமன்றத்தில் நின்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

நம்மவர் வழி

நம்முடைய ஏணை வேறு வகையான ஏற்பாடு. வளையிலோ முகட்டிலோ கயிறு போட்டு, தாயின் பழஞ்சேலையை மடித்துக் கட்டினால் ஏணை. புதுச் சேலையில் எவரும் கட்டுவதில்லை. துவைத்துத் துவைத்து மென்மையான நூற்சேலைதான் வேண்டும். அதில் தாயின் வாசனையும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பின் பிள்ளையை ஏணையில் அல்லது தொட்டிலில் இடுவது பல வீடுகளில் ஒரு சடங்கு. ஏணையின் சிறப்பு என்னவென்றால், அது தனிப் படுக்கையாகவும் இருக்கிறது, தனிமையாகவும் இல்லை. தாய் கீழே பாயில் படுத்தபடி கயிற்றைக் காலால் ஆட்டலாம். அடுப்படியில் நிற்கும் அம்மம்மாவும் போகிற போக்கில் ஒரு தள்ளுத் தள்ளிவிடுவார்.

சிங்களத்திலும் தொட்டிலைத் 'தொட்டில்ல' என்றுதான் சொல்கிறார்கள். எத்தனையோ விடயங்களில் பிரிந்து நிற்கும் இரு மொழிகள், பிள்ளையைக் கிடத்தும் இடத்தில் ஒரே சொல்லைப் பாவிக்கின்றன.

இலக்கியத்துக்கும் இதிலே பங்குண்டு. பெரியாழ்வார் கண்ணனையும் குலசேகராழ்வார் இராமனையும் பிள்ளையாக்கித் தாலாட்டினார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் மூன்றாவது தாலப் பருவம். தால் என்றால் நாக்கு. நாவை அசைத்து எழுப்பும் ஓசையே தாலாட்டின் வேர். இன்று நமக்குக் கிடைக்கும் பிள்ளைத்தமிழ்களில் பழையதான ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் 12ஆம் நூற்றாண்டுக்குரியது. சோழச் சக்கரவர்த்தியையே தொட்டிலில் போட்டு ஆட்டிய மொழி நம்முடையது. நித்திரை என்பது பிள்ளை தானாகச் செய்யவேண்டிய வேலை என்ற எண்ணம் இந்த மரபில் எங்கும் இல்லை. அது பெரியவர்கள் பிள்ளைக்குக் கொடுக்கும் ஒன்று.

மணிக்கூடு வந்த கதை

மேற்கிலும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. மாற்றம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. நியூயோர்க்கின் குழந்தை மருத்துவர் லூதர் எம்மற் ஹோல்ற் 1894இல் குழந்தை பராமரிப்புப் பற்றி ஒரு கைநூல் வெளியிட்டார். கேள்வியும் பதிலுமாக அமைந்த நூல் அது. பிள்ளையை ஆட்டி நித்திரையாக்கலாமா என்றால் கூடாது என்பது அவருடைய முடிவு. ஆட்டுவது இலகுவில் பழகி, பிறகு விடமுடியாத பழக்கமாகிவிடும் என்பது காரணம். அதே காலப்பகுதியில்தான் ஆடும் தொட்டில் அமெரிக்க வீடுகளிலிருந்து மெல்ல மறைந்து, அசையாத கம்பிக் கட்டில் அதனிடத்தைப் பிடித்தது.

நியூசிலாந்தில் ட்ரூபி கிங் என்ற மருத்துவர் 1907இல் பிளங்கற் சங்கத்தை ஆரம்பித்தார். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால், இரவில் பால் இல்லை, தேவையற்றுத் தூக்குதல் இல்லை என்பது அவருடைய ஒழுங்கு. அந்த ஒழுங்கு பிரித்தானியப் பேரரசின் பல மூலைகளுக்கும் போனது. அமெரிக்க உளவியலாளர் ஜோன் வொற்சன் 1928இல் எழுதிய நூல் அதற்கும் ஒருபடி மேலே சென்றது. பிள்ளையைக் கட்டியணைக்காதீர்கள், மடியில் வைக்காதீர்கள், முடியாவிட்டால் இரவு விடைபெறும்போது நெற்றியில் ஒரு முத்தம், காலையில் கைகுலுக்கல் என்பது அவர் சொன்ன புத்திமதி.

இவர்களைக் கல்நெஞ்சர் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. ஹோல்ற் வேலை செய்த காலத்தில் நியூயோர்க்கில் கோடைகாலம் வந்தால் பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். சுத்தமும் ஒழுங்கும் அவர்களைக் காப்பாற்றின. ட்ரூபி கிங்கின் தாதியர் நியூசிலாந்தின் வீடு வீடாகப் போனார்கள். பாலைச் சுத்தமாக்கிய அதே கையினால் பாசத்தையும் அளந்து ஊற்ற முனைந்ததுதான் அவர்களுடைய தவறு.

பிள்ளை தனி அறைக்குப் போனதும் பெற்றோரின் பயமும் வேறு உருவெடுத்தது. 1932 மார்ச் 1ஆந் திகதி இரவு, விமானி சார்ள்ஸ் லிண்ட்பேர்க்கின் இருபது மாத மகன், வீட்டின் மேல்மாடியில் தன் அறையில் நித்திரையாயிருந்தபோது கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். சில ஆண்டுகளில் ஸெனித் நிறுவனம், பிள்ளையின் அறையிலிருந்து வரும் ஒலியைப் பெற்றோரின் அறையில் கேட்கச் செய்யும் ஒரு வானொலிக் கருவியை விற்பனைக்கு விட்டது. அதை வடிவமைத்தவர் புகழ்பெற்ற சிற்பி இசாமு நொகுச்சி. கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த பிள்ளையைத் தூரப் போட்டுவிட்டு, அதன் மூச்சைக் கேட்கக் கருவி வாங்கிய காலம் அது. இன்று மருமகன் வீட்டுச் சுவரில் பூட்டியிருக்கும் சிறு கமெராவின் முப்பாட்டன் அந்தக் கருவிதான்.

யுத்தம் கற்பித்த பாடம்

வொற்சனின் புத்திமதியை உடைத்தது இன்னொரு புத்தகமல்ல, யுத்தம். 1939 செப்ரெம்பர் 1ஆந் திகதி தொடங்கி மூன்று நாள்களுக்குள் பிரித்தானிய நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெற்றோரின்றிச் சென்ற பள்ளிப் பிள்ளைகள். சில நாள்களில் பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் ஒரு விடயம் பெரிதாகப் பேசப்பட்டது. அந்நியர் வீட்டுக் கட்டில்களில் பிள்ளைகள் சலம் விட்டுவிடுகிறார்கள்! நகரத்துச் சேரிப் பிள்ளைகளுக்குப் பழக்கம் போதாது என்று சிலர் பழித்தார்கள். அது பழக்கக் குறைவல்ல, பிரிவின் துயரம் என்று சொன்ன மருத்துவர்களுள் ஒருவர் டொனால்ட் வினிகொற்.

லண்டனில் சிக்மண்ட் பிராய்டின் மகள் அன்னா பிராய்டும் அவருடைய தோழி டொறத்தி பேர்லிங்ஹாமும் யுத்தகாலக் குழந்தைகள் காப்பகங்களை நடத்தினார்கள். குண்டு விழுவதைக் கண்ட பிள்ளைகளையும், குண்டுக்குத் தப்பவென்று தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளையும் அவர்கள் அருகிருந்து பார்த்தார்கள். 1943இல் அவர்கள் வெளியிட்ட முடிவு எவரும் எதிர்பாராதது. தாய் பக்கத்தில் இருந்தால், அவளும் நிதானமாக இருந்தால், சிறு பிள்ளை குண்டுவீச்சையும் பெருமளவுக்குத் தாங்கிக்கொள்கிறது. தாயைப் பிரிந்த பிள்ளையோ பாதுகாப்பான இடத்திலும் உடைந்துபோகிறது.

அந்தக் காப்பகத்தில் கொதிகலன் பார்க்கும் வேலைக்கு வந்தவர் ஜேம்ஸ் றொபேட்சன் என்ற ஸ்கொட்லாந்து இளைஞர். பின்னாளில் அவர் உளவியலாளர் ஜோன் போல்பியுடன் சேர்ந்து பணியாற்றினார். அக்காலத்தில் பிரித்தானிய வைத்தியசாலைகள் பலவற்றில் பெற்றோர் பிள்ளையைப் பார்க்க வாரத்தில் சில மணிநேரமே அனுமதி. 'பிள்ளை விரைவில் அமைதியாகிவிடும்' என்பார்கள். 1952இல் றொபேட்சன் ஒரு ஆவணப்படத்தை வெளியிட்டார். சிறு சத்திரசிகிச்சைக்காக எட்டு நாள் வைத்தியசாலைக் கட்டிலில் இருந்த, லோரா என்று படம் அழைக்கும் இரண்டரை வயதுக்கும் சற்றுக் குறைந்த ஒரு சிறுமியின் கதை. அவள் பெரிதாக அழவில்லை. பொம்மையை இறுகப் பிடித்தபடி அடக்கிக்கொண்டிருந்தாள். நாள் செல்லச் செல்ல, பார்க்க வந்த தாயிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அமைதி என்று தாதியர் கண்டது அமைதியல்ல என்பதைப் படம் பார்த்தவர்கள் கண்டார்கள். பல மருத்துவர்கள் முதலில் கோபப்பட்டார்கள். ஆனால் 1959இல் பிளற் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது.

வினிகொற் 1951இல் முன்வைத்த ஒரு கருத்தும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. பழந்துணி, போர்வை முனை, கிழிந்த பொம்மை என்று பிள்ளை விடாமல் கட்டிக்கொண்டு திரியும் பொருள் வெறும் விளையாட்டுச் சாமானல்ல. தாயிலிருந்து உலகத்துக்குப் போகும் வழியில் பிள்ளை பிடித்துக்கொள்ளும் ஊன்றுகோல் அது. நம்முடைய ஏணைச் சேலைக்கு அவர் இலக்கணம் எழுதியதுபோல எனக்குப் படுகிறது.

1995, சாவகச்சேரி

இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நான் கண்ணால் கண்டிருக்கிறேன். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இராணுவத்தின் 'ரிவிரெச' நடவடிக்கை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு கொட்டும் மழையில் இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நகர்ந்ததை இந்தத் தளத்தின் வாசகர் பலர் தாமே அனுபவித்திருப்பார்கள். அதை மறுபடி இங்கே விரிக்கவில்லை.

அக்காவின் மகனுக்கு அப்போது இரண்டு வயது நிரம்ப மூன்று மாதம் இருந்தது. நான் சைக்கிளை உருட்ட, அக்கா அவனை இடுப்பில் வைத்திருந்தார். சாவகச்சேரியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஒன்பது குடும்பங்கள். எங்களுக்குக் கிடைத்தது கரும்பலகையின் கீழ் ஒரு மூலை. இரண்டு வாங்குகளைச் சேர்த்து அவனுக்குப் படுக்கை செய்தோம். மூன்று இரவு அவன் கண் மூடவில்லை. வாங்கில் கிடத்தினால் எழுந்து நின்று அழுவான். பக்கத்துக் குடும்பத்தில் இருந்த நோயாளி முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் எங்களுக்குக் கூச்சமாயிருந்தது.

நாலாம் நாள் மாலை என் அம்மா ஒரு வேலை செய்தார். மூட்டைக்குள் வெளியில் தெரியாமல் சுற்றிக் கொண்டுவந்த பழைய ஏணைச் சேலையை எடுத்தார். வீட்டில் அவனை ஏணை மறக்கச்செய்து நாலைந்து மாதமாகிவிட்டது. "வளந்த பிள்ளைக்கு இனி என்னத்துக்கு அம்மா?" என்று அக்கா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "வீட்டிலதான் வளந்தவன், இஞ்ச இல்லை" என்றார் அம்மா. சைக்கிள் கரியரில் மூட்டை கட்டிய கயிற்றை நான் வகுப்பறை வளையில் எறிந்து முடிந்தேன். ஏணை தாழ்வாகத் தொங்கியது. அவனை உள்ளே இட்டு அம்மா ஆராரோ சொல்லத் தொடங்கினார். ஒன்பது குடும்பங்களும் பேச்சை நிறுத்தின. கால் மணித்தியாலத்தில் அவன் நித்திரை. அன்றிரவு அந்த வகுப்பறையில் வேறு பலரும் நித்திரை கொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் நாங்கள் ஊர் திரும்பும்வரை அந்த ஏணை எங்கள் இருப்பிடமெல்லாம் வந்தது. கொக்குவில் வீட்டில் கூரை போயிருந்தது. ஆனால் அவன் இரண்டாம் இரவே பாயில் நித்திரையானான். ஏணையைக் கேட்கவுமில்லை. அம்மாவுக்கு வினிகொற்றையும் தெரியாது, அன்னா பிராய்டையும் தெரியாது. இடம் மாறும்போது பிள்ளை ஒருபடி பின்னே போகும், அப்போது அதனுடன் பின்னே போய்க் கூட்டிவரவேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அறிவியல் சொல்வது

இனி மருமகளின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். அவள் கையிலிருந்த துண்டுப்பிரசுரமும் வெறும் வெள்ளைக்காரப் பைத்தியமல்ல.

நித்திரை ஒரே நீட்டாக ஓடுவதில்லை என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்தது. 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அஸரின்ஸ்கியும் நதானியல் கிளைற்மனும், நித்திரையில் கண்கள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று உண்டென்று வெளியிட்டார்கள். அந்த ஆராய்ச்சி தொடங்கியதே குழந்தைகளின் கண்ணிமைகளைக் கவனித்ததில்தான். அஸரின்ஸ்கியின் எட்டு வயது மகனே கருவி பூட்டப்பட்ட முதலாட்களில் ஒருவன். பெரியவரானாலும் பிள்ளையானாலும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கணநேரம் விழிக்கிறோம். எல்லாம் வைத்தபடி இருந்தால் காலையில் அது நினைவிலும் இராது.

பொஸ்ரன் நகரத்துக் குழந்தை மருத்துவர் ரிச்சர்ட் ஃபேர்பர் 1985இல் எழுதிய நூலில் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். தலையணையோடு நித்திரையான ஒருவர் நடுச்சாமத்தில் விழிக்கும்போது தலையணை இல்லையென்றால் எழுந்து தேடமாட்டாரா? தோளில் நித்திரையாகிக் கட்டிலில் விழிக்கும் பிள்ளையின் நிலையும் அதுதான். ஆகவே எந்த நிலையில் நடு இரவில் விழிக்கப்போகிறதோ, அந்த நிலையிலேயே பிள்ளை நித்திரைக்குப் போகப் பழகவேண்டும். அழும் பிள்ளையிடம் போவதைச் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்தும் அவருடைய முறை உலகப் பிரசித்தமாயிற்று. 2006இல் நூலைத் திருத்தி வெளியிட்டபோது, பெற்றோருடன் பிள்ளை படுப்பது பற்றிய தம் கடுமையை அவர் தளர்த்திக்கொண்டார்.

ஆனால் உலகத்தில் பெரும்பாலான பிள்ளைகள் தனி அறையில் படுப்பதில்லை. ஜப்பானியர் தாய், பிள்ளை, தகப்பன் மூவரும் வரிசையாகப் படுப்பதை 'ஆறு' என்ற எழுத்துக்கு ஒப்பிடுவார்கள். மூன்று கோடுகள், நடுவிலே சிறியது. ஜோடி மின்டெல் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 17 நாடுகளிலும் பிரதேசங்களிலும் 29,287 குழந்தைகள் பற்றித் திரட்டிய தகவலை 2010இல் வெளியிட்டார்கள். பெற்றோரின் படுக்கையில் படுக்கும் பிள்ளைகள் நியூசிலாந்தில் நூற்றுக்கு 6 பேரளவு, வியட்நாமில் 83 பேர். அதே மின்டெல் 2009இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் 405 தாய்மார் பங்குபற்றினார்கள். ஒவ்வொரு இரவும் குளிப்பு, தடவிவிடுதல், பாட்டு என்று அதே வரிசையில் செய்தபோது, பிள்ளைகள் விரைவாக நித்திரையானதுடன் இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மாரின் மனநிலையும் தேறியது.

ஒரு எச்சரிக்கை அவசியம். ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களுக்குச் சட்டம் வேறு. மல்லாக்கப் படுக்கவைத்தல், இறுகிய தட்டையான மெத்தை, தலையணையோ தளர்ந்த துணியோ இல்லாமை ஆகியவற்றை 1990களின் தொடக்கத்திலிருந்து மேற்கு நாடுகள் வலியுறுத்தியதால், காரணம் தெரியாத திடீர் மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. அந்த விடயத்தில் ஏணையின் பெருமை பேசி மருத்துவரோடு வாதாடக்கூடாது. நான் இங்கே பேசுவது நடந்து திரியும் பிள்ளையைப் பற்றி.

மருமகனுக்கு எழுதியது

இவ்வளவையும் படித்த பின் அவனுக்கு நான் எழுதியதன் சாரம் இது.

அம்மாவும் சரி, உன் மனைவியும் சரி. பிள்ளைக்குத் துணை வேண்டும் என்கிறார் ஒருவர். ஒழுங்கு வேண்டும் என்கிறார் மற்றவர். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவனவல்ல. நீங்கள் செய்த பிழை, கட்டிலையும் அறையையும் ஒரே நாளில் மாற்றியது. பிள்ளைக்கு அது ஒரு சிறு இடப்பெயர்வு.

ஏறிக் குதிக்காத பிள்ளையானால் மூன்று வயதுவரை கம்பிக் கட்டிலிலேயே விடலாம். 89 சென்ரிமீற்றர் அளவு வளர்ந்ததும், அல்லது ஏறத் தொடங்கியதும், மாற்றத்தான் வேண்டும். ஆகவே உங்களுக்கு வேறு வழியில்லை. புதுக் கட்டிலைச் சில காலம் உங்கள் அறைக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் மெத்தையை அவளுடைய அறையின் நிலத்தில் போட்டு, யாராவது ஒருவர் பக்கத்தில் இருங்கள். பழைய கட்டிலில் போர்த்திய அதே போர்வையைப் போடுங்கள். புதுப் போர்வை அழகாக இருக்கலாம், அதில் அவளுடைய வாசனை இல்லை. முதலில் பகல் நித்திரையை அங்கே பழக்குங்கள். குளிப்பு, பால், பல் விளக்குதல், ஒரு கதை, ஒரு பாட்டு, மங்கலான விளக்கு என்று ஒவ்வொரு இரவும் அதே வரிசை. அவள் விழித்திருக்கும்போதே கிடத்தி, பக்கத்தில் கதிரை போட்டு இரு. பேச்சுக் கொடுக்காதே. மூன்று நாலு இரவுக்கு ஒருதடவை கதிரையைச் சற்றுத் தள்ளிப் போடு. கதிரை கதவைத் தாண்டுவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். எழுந்து வந்தால் கோபமின்றிக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கிடத்து. அதில் உன் மனைவி செய்வது சரிதான். கதவை மட்டும் பூட்டவேண்டாம். இரவில் தனியே நடமாடப்போகிறவள் என்பதால் அலுமாரிகளைச் சுவரோடு பூட்டி, ஜன்னல்களையும் கவனி. இந்த வயதில் பகலும் இரவுமாக 11 முதல் 14 மணித்தியாலம் நித்திரை போதும். பின்னேரம் அதிகநேரம் நித்திரை கொண்டுவிட்டு இரவு எட்டு மணிக்கு நித்திரை வரவில்லையென்றால் அது பிள்ளையின் குற்றமல்ல.

கடைசியாக, சாவகச்சேரிக் கதையையும் எழுதினேன். அவனுக்கு அது ஒன்றும் நினைவில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு நினைவிராது. நானும் அதுவரை அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. இடப்பெயர்வைப் பற்றி அரசியலாக எத்தனையோ பத்தி எழுதியவன், அந்த ஏணையைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை.

மூன்று வாரம் கழித்து அவன் மறுபடி அழைத்தான். கதிரை இப்போது கதவடிக்கு வந்துவிட்டதாம். பெரும்பாலான இரவுகளில் பிள்ளை விடியும்வரை நித்திரை. சில நாள் அதிகாலை நாலு மணிக்குத் தலையணையையும் இழுத்துக்கொண்டு பெற்றோரின் அறைக்கு வந்து நடுவில் படுத்துவிடுகிறாளாம். அதைத் தடுக்கவேண்டுமா என்று கேட்டான். உங்களுக்கு இடைஞ்சலில்லையென்றால் விடு, தானாக நிற்கும் என்றேன்.

மருமகள் அக்காவை அழைத்து, தாலாட்டின் சொற்களைக் கேட்டிருக்கிறாள். அக்காவுக்கு முழுவதும் நினைவில்லை. பாதியை என்னிடம் கேட்டார். எனக்கும் பாதிதான் நினைவிருந்தது. அம்மா போய்ப் பதினான்கு வருடமாகிவிட்டது. இருவரும் சேர்ந்து தெரிந்ததை எழுதி அனுப்பியிருக்கிறோம். உங்கள் வீடுகளில் முதியவர்கள் இருந்தால், அவர்கள் பாடிய தாலாட்டை இன்றே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.